நாற்பத்தைந்து சுற்று பாக்கி

தபாலாபீஸ் வாசலில் மூன்று கருங்கல் படிகள் உண்டு. அண்ணாச்சி அவற்றில் பின்பக்கமாகத்தான் இறங்குவார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நிலைக்கதவை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தை எங்கள் பக்கம் வைத்தபடி, இடது காலால் கீழே துழாவி ஊன்றுவார். பிறகு வலது காலைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் சேர்ப்பார். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்ன இளைப்பாறல். சாமிக்கு முதுகு காட்டாமல் சந்நிதியிலிருந்து பின்வாங்குகிறவர் மாதிரி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "சிரிங்க தம்பி, உங்க முட்டு இன்னும் புதுசு" என்றார். இப்போது என் வீட்டு மாடிப்படியில் நானும் அப்படித்தான் இறங்குகிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவரைப் போலப் பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சுதந்திரம் கிடைத்த ஓரிரு வருஷத்தில் நான் சங்கரன்கோவிலுக்கு கிளார்க்காகப் போனேன். வீரவநல்லூர்ப் பக்கத்து வாய்க்கால்கரைக்காரன். கரிசல் மண்ணை அதுவரை மிதித்தது கிடையாது. மழை பெய்தால் அந்த மண் காலில் அப்பிக்கொண்டு ஆளுக்கு ஒரு படி எடையைக் கூட்டிவிடும் என்பதும், வெயில் காய்ந்தால் கால் நுழைகிற அளவு பிளந்து கிடக்கும் என்பதும் அங்கே போய்த்தான் தெரிந்தது. அந்த மண்ணில், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு, முப்பது வருஷம் நடந்து தபால் கொடுத்தவர் அண்ணாச்சி. ஊர் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம் நான். வராத ஆபத்தை வழியில் போய் எதிர்கொண்டு அழைத்துவரும் புத்தி எனக்கு அப்போதே இருந்தது. இந்தக் கதையில் அந்தப் புத்திக்கும் ஒரு பங்கு உண்டு.

அவருடைய முழங்கால் இரண்டும் வீங்கி, நடுவில் பள்ளம் விழுந்து, பனங்காய் மாதிரி இருக்கும். காலையில் எழுந்து ஒரு நாழிகை நேரத்துக்குக் கால் நீளாது. நீண்ட பிறகு மடங்காது. விரல் கணுக்களிலும் அந்த வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது. கார்டுகளைப் பிரிக்கும்போது ஒன்றுக்கு இரண்டாக ஒட்டிக்கொண்டு வரும். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினார். வைத்தியர் கொடுத்த தைலத்தைப் பூசினார். முடக்கத்தான் கீரை தின்று தின்று நாக்கே பச்சையாகிவிட்டது என்பார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். தரையில் சம்மணம் போட்டு இலைமுன் உட்கார முடியாது, உட்கார்ந்தாலும் நாலு பேர் தூக்கித்தான் எழுப்ப வேண்டும். "பந்தியில என்னைத் தூக்குறதுக்கா மொய் எழுதணும்?" என்று கேட்பார். வீட்டுக் கொல்லையில் மதினி அவருக்காக நாலு காலில் நடுவில் ஓட்டையிட்ட ஒரு பலகை அடித்து வாங்கிப் போட்டிருந்தாள். அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பலகையைப் பற்றி வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவருடைய உத்தரவு.

நடக்க முடியாத மனிதர் தபாலை எப்படிக் கொண்டுசேர்த்தார் என்பது எனக்கு மூன்றாவது மாதத்தில்தான் தெரிந்தது. ஊர் எல்லையில் நின்றுகொண்டு, மேற்கே போகிற மாட்டுவண்டிக்காரர்களிடம் கடிதங்களைக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். ரிஜிஸ்தர் தபாலை மட்டும் வண்டியில் தொற்றிக்கொண்டு தானே போய்க் கொடுப்பார். எல்லாக் கடிதமும் போய்ச் சேர்ந்தது, இதுவரை ஒன்றும் தவறவில்லை. ஆனால் ஒன்று தவறினால் போதும். தபாலை அந்நிய ஆளிடம் கொடுத்தான் என்று ஒரு புகார் போனால், வேலைநீக்கம்தான். முப்பது வருஷ உழைப்புக்கு ஒரு சல்லி பென்ஷன் வராது. அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணாச்சி நன்றாகச் சாப்பிட்டார். அவருக்கும் சேர்த்து நான் பயந்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

விஷயம் போஸ்ட்மாஸ்டர் காதுக்குப் போவதற்கு முன் நானே அவரிடம் போய், அண்ணாச்சியின் காலைப் பற்றி மட்டும் சொன்னேன். வண்டிக்காரர்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. போஸ்ட்மாஸ்டர் நல்ல மனிதர், சட்டம் தெரிந்தவர். அண்ணாச்சியைக் கூப்பிட்டு எதிரே நிற்கவைத்துச் சொன்னார்: "இங்க பாரும். நீராக் காகிதம் எழுதிக் குடுத்துட்டு விலகினீரு, முப்பது வருஷமும் தண்ணியில போட்ட மாதிரி. அறுபது முடிய இன்னும் ஆறு வருஷம் கெடக்கு. நடந்தாகணும். இல்லையா, இனிமே இந்தாளால ஆகாதுன்னு ஜில்லா டாக்டர் எழுதித் தரணும். அப்பதான் இன்வாலிட் பென்ஷன். மூணாவது வழி கெடையாது வே." அண்ணாச்சி தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "டாக்டரு எழுதுறதுக்கு நாம என்ன செய்யணும் தம்பி?"

நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் எடுத்துக்கொண்டேன். இங்கிலீஷில் மனு எழுதினேன். மருத்துவ விடுப்பு வாங்கிக் கொடுத்தேன். அதைவிடப் பெரிய வேலை, அவருக்குப் பேசப் பழக்குவது. ஏனென்றால், "எப்படி இருக்கிய?" என்று யார் கேட்டாலும் "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்றுதான் அவருக்குப் பதில் வரும். முப்பது வருஷமாக வாசல் வாசலாகச் சொன்ன பதில். சாவு ஓலை கொண்டுபோகிற வீட்டில்கூட முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார். "டாக்டர் கேட்டால் நல்லா இருக்கேன்னு சொல்லக் கூடாது அண்ணாச்சி, வலிக்குதுன்னு சொல்லணும்" என்று நான் ஒரு வாரம் பாடம் சொன்னேன். பெரிய மனுஷரிடம் போய் வலிக்குது கிலிக்குது என்று முறையிடுவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. மதினியை டாக்டராக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தோம். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஒத்திகை பலிக்கவில்லை. திருநெல்வேலியில், மேஜைக்கு அந்தப்புறமிருந்து டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "என்னய்யா, எப்படி இருக்கீரு?" என்று கேட்டதும், அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்றார். டாக்டர் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார். முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் அது. அதிகாரி சொல்லி ஒன்றைச் செய்யாமல் இருக்க அவருக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார், மேஜைக்காலைப் பிடித்து எழுந்தும்விட்டார். நெற்றியில் வியர்வை கோத்து மூக்குவழியாக இறங்கியது. முகம் மட்டும் சிரித்தபடி இருந்தது. மூன்று மாதம் சிகிச்சை எடுத்துக்கொண்டு ஆடி கழிந்து திரும்ப வரவேண்டும் என்று டாக்டர் எழுதினார். அடுத்த தடவையும் இதே மாதிரி ஆனால் வேலைக்குத் திரும்பச் சொல்லிவிடுவார், வேறு தடவை கிடையாது என்று அங்கிருந்த குமாஸ்தா என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மதினி அழவில்லை. நேரே கோயிலுக்குப் போனாள். ஆடித்தபசு தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரியும் அரனும் ஒன்றாக நிற்கிற காட்சியைக் காண வேண்டும் என்று கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்ற ஊர் அது. ஆடியில் கொடி ஏறிய நாளிலிருந்து தபசுநாள் வரை ஜனங்கள் கோயிலைச் சுற்றி நடப்பார்கள். ஆடிச்சுற்று என்று பேர். ஒற்றைக்காலில் நிற்கிறவளின் கால்வலியில் நாமும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. அப்படி வாங்கிக்கொள்கிறவர்களின் குறையை அவள் பார்த்துக்கொள்வாளாம். மதினி நேர்ந்துவிட்டு வந்தாள்: பென்ஷன் கிடைக்க வேண்டும், அதற்காக நூற்றியெட்டு ஆடிச்சுற்று, அதுவும் அவர் காலாலேயே.

மதினி இதை என்னிடம் சொல்லவில்லை, அண்ணாச்சியும் சொல்லவில்லை. கொடி ஏறிய மூன்றாம் நாள் காலையில் கோயில் பக்கம் போனவன், கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். ஈர வேட்டி, தோளில் துண்டு, ஒரு கை மதில்சுவரைத் தடவிக்கொண்டே வர, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்துகொண்டிருந்தார். மடியில் புளியங்கொட்டை. ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டையை இடுப்பின் அந்தப் பக்கத்துக்கு மாற்றிச் செருகினார். ஊருக்கே தெரிந்த மனிதர் அல்லவா. "தபால்கார அண்ணாச்சி சுத்துதாரு, வழி விடுங்கலே!" என்று யாரோ ஒருவன் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனான். நடக்கவே முடியாதவர் என்று சர்க்காருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிற மனிதர், மருத்துவ விடுப்பில் இருக்கிறவர், பத்தாயிரம் ஜனங்களின் கண்முன்னால் கோயிலைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

கையைப் பிடித்து ஓரமாக இழுத்து நிறுத்தினேன். "என்ன செய்யுதிய அண்ணாச்சி? யாராவது பாத்துட்டு எழுதிப் போட்டா?"

"யாரு எழுதுவா? இந்த ஊர்ல எழுதத் தெரியாதவுகளுக்கெல்லாம் நாந்தான எழுதிக் குடுத்திருக்கேன்."

"எழுதத் தெரிஞ்சவுக இருக்காகள்லா? பென்ஷன் வேணுமா வேண்டாமா?"

"பென்ஷனுக்குத்தான தம்பி சுத்துதேன்."

மதினியையாவது சுற்றச் சொல்லுங்கள், அவள்தானே நேர்ந்துகொண்டாள் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ரிஜிஸ்தர் தபால ஆள் மாத்திக் குடுக்கலாமா? எம் பேருக்கு வந்தத நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மன் ஒத்தக் கால்ல நிக்கா. எனக்கு ரெண்டு இருக்குல்லா" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். நான் அங்கேயே நின்று, அவரைப் பார்க்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த முகம் எழுதும் என்று கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன் போலும்.

தபசுக்கு முதல்நாள் சாயங்காலம், நூற்றியெட்டும் முடிந்துவிட்டது என்று வீட்டில் வந்து சொன்னார். மதினி தேங்காய் உடைத்துப் பாயசம் வைத்தாள். எனக்கும் ஒரு தூக்கு வந்தது. அவர் கயிற்றுக் கட்டிலில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். முழங்கால் தோல் பளபளவென்று மினுங்கியது. பாயசத்தைத் தொடவில்லை. அசதி என்று நினைத்தேன்.

பயந்தது வந்தது. தபசு முடிந்த நாலாம் நாள், பெட்டியில் விழுந்த கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது ஒரு கவர் கையில் தட்டியது. இடப்பக்கம் சாய்ந்த தமிழ் எழுத்து. 'ஜில்லா பெரிய டாக்டர் ஐயா அவர்கள் சமுகத்திற்கு.' அனுப்புகிறவர் பேர் இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து பெரிய டாக்டருக்குப் பேரில்லாமல் கடிதம் போட யாருக்கு என்ன அவசியம்? எனக்குத் தெரிந்துவிட்டது. முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தேன். கவரைப் பேரேட்டுக்கு அடியில் தள்ளினேன். அடுத்த வாரம்தான் அண்ணாச்சி டாக்டரிடம் போகவேண்டிய நாள். இந்தக் கவர் ஒரு வாரம் அந்தப் பேரேட்டுக்கு அடியில் கிடந்தால் போதும். கண்டுபிடித்தால் என் வேலை போகும். கிடக்காவிட்டால் அவர் பென்ஷன் போகும். சாயங்காலப் பை கட்டுகிற வரைக்கும் நேரம் இருந்தது. மத்தியானம் சாப்பிடப் போகிற சாக்கில் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

கேட்டதும் அண்ணாச்சி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார். "கவர் எங்கன இருக்கு?" என்றார். சொன்னேன். "போயி எடுத்து முத்திரை குத்துங்க தம்பி. பெட்டியில விழுந்த கடுதாசி போயிரணும். ஒரு சாவுச் சேதியக்கூட நான் ஒரு பொழுது வச்சிருந்தது கெடையாது." நான் வாதாடினேன். அவர் கேட்கவில்லை. கோபத்தோடு திரும்பி வந்து கவருக்கு முத்திரை குத்தினேன், பையில் போட்டேன். மறுநாள் காலையில் அவர் தெருமுனை வரை தடவித் தடவி வந்து நின்றுகொண்டு என்னிடம் கேட்டார்: "போயிருக்குமோ?" போயிருக்கும் என்றேன். "மெயிலு சில நாள் தப்பிரும்லா?" என்றார். தப்பவில்லை அண்ணாச்சி என்றேன்.

அந்த ஒரு வாரமும் நான் அவருக்குப் புதுப் பாடம் சொன்னேன். சுற்றியது அவர் இல்லை, அவரைப்போலவே இருக்கிற தம்பி என்று சொல்லச் சொன்னேன். அவருக்குத் தம்பியே கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். போகிற நாளில் பஸ்ஸில் ஏற்ற நானும் மதினியும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்தோம். கண்டக்டர் பின்னாலிருந்து தூக்கிவிட்டார். டாக்டர் அறைக்குள்ளும் நாங்கள் பிடித்துக்கொண்டுதான் கூட்டிப்போனோம். மேஜைமேல் அந்தக் கவர் பிரித்து வைத்திருந்தது. இடப்பக்கம் சாய்ந்த எழுத்து எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஆடியில் கோயிலை நூற்றியெட்டுத் தடவை சுற்றினீராமே. உண்மையா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். தம்பி, தம்பி என்று சொல்லுங்கள். அவர் டாக்டரைப் பார்த்தார். "சுத்தினேன் ஐயா" என்றார்.

"நூற்றியெட்டா?"

மதினியின் கை அவர் கையைப் பிடித்திருந்தது. அவள் பெருமையாகத்தான் நின்றாள், பாவம். அவளுக்கு இந்தக் கேள்வியின் விஷம் தெரியவில்லை. அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். டாக்டர் இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் பேசினார்.

"இல்ல ஐயா. அறுபத்தி மூணு. அதுக்கு மேல கால் வரல்ல. கடைசி ரெண்டும் சுவத்துல சாஞ்சு சாஞ்சு, பாதி தவந்து போனேன். மிச்சப் புளியங்கொட்டைய கோயில் நாகசுனைத் தண்ணியில போட்டுட்டு, முடிஞ்சுட்டுன்னு வீட்டுல வந்து பொய் சொல்லிட்டேன்."

மதினியின் கை அவர் கையிலிருந்து நழுவியது. அவர் அதைத் திரும்பப் பிடிக்கவில்லை. நின்றபடியே அழுதார். வலிக்கிறது என்று நான் எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் சொல்லாத மனிதர், சிரித்துக்கொண்டே உட்கார்ந்து எழுந்த மனிதர், அன்று சிறுபிள்ளை மாதிரி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். டாக்டர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, குனிந்து வேட்டியை விலக்கி முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். காய்ந்த சருகை மிதிப்பதுபோல ஒரு சத்தம் எங்களுக்கும் கேட்டது. உட்கார்ந்து எழச் சொல்லவில்லை. நெடுநேரம் எழுதினார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "இனிமேல் இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம், கேட்டீரா?" என்றார். நிரந்தரமாக வேலைக்குத் தகுதியில்லை என்று அந்தக் காகிதத்தில் இருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மானூர் தாண்டியதும்தான் வாய் திறந்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா." ஊர் நெருங்கும்போது அவளே, "மிச்சம் நாப்பத்தஞ்சுதான. காலு வீக்கம் கொஞ்சம் வத்தினதும் வார ஆடியில மெள்ளச் சுத்திரலாம். நாளுக்கு நாலஞ்சு சுத்தினாப் போதும்" என்றாள். அவர் முகம் தெளிந்தது. அம்மன் தன் பங்கைக் கொடுத்துவிட்டாள், தாங்கள்தான் பாக்கி வைத்திருக்கிறோம் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

மறு ஆடி வந்தது. ஓய்வில் இருந்ததாலோ என்னவோ, அவர் கால் வீக்கம் கொஞ்சம் வற்றித்தான் இருந்தது. கொடி ஏறுகிற அன்று தபாலாபீஸ் ஜன்னலுக்கு வந்தார். வேலையில் இருந்தவரை ஆபீசில் என்னை சார் என்பார், வெளியேதான் தம்பி. அன்று ஜன்னலிலேயே தம்பி என்றார். "தம்பி, ஒண்ணு கேக்கணும். நான் அந்த மிச்சத்தச் சுத்தினா பென்ஷன் போயிருமா?"

எனக்கு விதி தெரியாது. போஸ்ட்மாஸ்டர் உள்ளேதான் இருந்தார், கேட்டிருக்கலாம். அலமாரியில் விதிப்புத்தகம் இருந்தது, புரட்டியிருக்கலாம். எனக்கு இடப்பக்கம் சாய்ந்த எழுத்துதான் கண்முன் வந்தது. அதை எழுதியவன் இந்த ஊரில்தான் இருக்கிறான், இன்னொன்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? டாக்டர் வேண்டாம் என்று சொன்னது காலுக்கு வைத்தியமாகச் சொன்னதா, சர்க்கார் உத்தரவாகச் சொன்னதா என்று நான் யோசிக்கவில்லை. "போயிரும் அண்ணாச்சி" என்றேன். "நடக்க முடியாதுன்னு எழுதி வாங்கியிருக்கோம். நடந்தாப் போயிரும்."

"சும்மா நின்னு தபசு மட்டும் பாத்துட்டு வந்தா?"

"எதுக்கு வம்பு? கூட்டத்துல நாலு பேர் பாப்பான். வீட்டுலயே இருங்க."

சரி என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதைச் செய்யாமல் இருக்கத் தெரியாதவர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அந்த வருஷமும், அதற்கடுத்து அவர் இருந்த நாலு வருஷமும், கொடி ஏறினால் வீட்டுக்குள் போய்விடுவார். தபசு பார்க்க ராயகிரியிலிருந்தும் இளையரசனேந்தலிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வரும். கோயிலுக்கு அடுத்த தெருவில் இருந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்திருப்பார். மேளச்சத்தம் கேட்கும்போது எழுந்து உட்கார்ந்து கும்பிடுவார் என்று மதினி சொல்லியிருக்கிறாள். உடம்புக்கு எது வந்தாலும், ஒரு தலைவலி வந்தால்கூட, "பாக்கி இருக்குல்லா" என்பாராம். ஐந்தாம் வருஷம் மார்கழியில் போய்ச் சேர்ந்தார். தூக்குவதற்கு நானும் தோள் கொடுத்தேன். அப்போதும் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. கடைசிவரை பென்ஷனுக்கு ஒன்றும் வராமல் காப்பாற்றிவிட்டோம் என்று.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, நானும் போஸ்ட்மாஸ்டராகி வேறு ஊரில் இருந்தபோது, இன்னொருவருடைய மனுவுக்காக அந்த விதிகளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்க வேண்டி வந்தது. இரண்டு தரம் படித்தேன். கொடுத்த பென்ஷனை, ஒரு மனிதன் கோயிலைச் சுற்றினான் என்று பிடுங்குவதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. மேலதிகாரி ஒருவரிடமும் கேட்டேன். "அப்படியெல்லாம் எவன் சொன்னது?" என்று சிரித்தார். நான்தான் சொன்னேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

சொல்லவேண்டிய இடம் ஒன்று இருந்தது. அந்த ஆடியிலேயே லீவு போட்டு சங்கரன்கோவிலுக்குப் போனேன். மதினி அதே வீட்டில் இருந்தாள். தலை முழுக்க நரைத்து, ஆள் பாதியாகிப்போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். காபி போட்டுக்கொண்டு வந்தாள். வெளியே ஆடிச்சுற்றுக்குப் போகிற ஜனங்களின் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்த முதல் வாக்கியத்தை நான் தொடங்குவதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"ஆடி வந்தா எனக்கு இதே நெனப்புதான் தம்பி. நேந்துக்கிட்டத முடிக்காமப் போயிட்டாகளே, அங்கன அவுகள என்ன கேப்பாளோன்னு கெடந்து தவிப்பேன். அப்புறம் நானே மனசத் தேத்திக்கிடுவேன். அவுக மாட்டேன்னா சொன்னாக? கால் வீக்கமும் கொஞ்சம் வத்திச்சு, போறேன்னுதான் நின்னாக. சர்க்காரு ரூலு விடல்ல. அதுக்கு அவுக என்ன செய்வாக? அம்மனுக்குத் தெரியாதா? ரூலுன்னா ரூலுதான, தம்பி?"

டம்ளர் என் கையில் சுட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மதினி" என்றேன். "ரூலுதான்."